வாட இடம் கொடுத்த படங்கள்

ஜான் ஹெர்ஷலுக்குப் புகைப்படக்கலை பட்டிருக்கும் கடன் பெரியது. வெள்ளி உப்புகளைக் கரைக்கும் குணம் ஹைப்போ என்ற சோடியம் தயோசல்ஃபேட்டுக்கு உண்டு என்பதை இந்த ஆங்கில விஞ்ஞானி 1819இலேயே கண்டறிந்து எழுதியிருந்தார். இருபது ஆண்டு கழித்து, 1839 ஜனவரியில், பாரிஸில் டாகெர் என்பவர் வெளிச்சத்தைக் கொண்டு படம் பிடித்துவிட்டார் என்ற செய்தி இங்கிலாந்தை எட்டியபோது அந்தப் பழைய கண்டுபிடிப்பு கைகொடுத்தது. அதுவரை பெரிய சிக்கல், விழுந்த படத்தைக் காப்பாற்றுவதுதான். தாளில் மிச்சமிருக்கும் வெள்ளி உப்பு வெளிச்சம் படப்படக் கறுத்துப் படத்தையே விழுங்கிவிடும். அந்த மிச்சத்தை ஹைப்போவில் கழுவி எடுத்துவிட்டால் படம் நின்றுவிடும் என்று ஹெர்ஷல் காட்டினார். டிஜிட்டல் வரும்வரை நம் ஊர் ஸ்டூடியோ இருட்டறைகளில் தொட்டி தொட்டியாக இருந்தது அதே ஹைப்போதான்.

படத்தை நிலைக்கவைத்த இந்த மனிதர், அடுத்த சில ஆண்டுகளில், நிலைக்கவே முடியாத ஒரு படமுறையோடு மல்லுக்கட்டினார். கென்ட் பகுதியில் ஹாக்ஹர்ஸ்ட் என்ற ஊரில் இருந்த தன் வீட்டில் பாப்பி, வயலட் போன்ற பூக்களின் இதழ்களை அரைத்து, சாறு பிழிந்து, தாளில் பூசினார். மேலே ஓர் அச்சுப்படத்தை வைத்து வெயிலில் கிடத்தினார். வெயில் பட்ட இடம் வெளுத்தது, மறைந்த இடம் நிறத்தோடு நின்றது. படம் தெளிய நாள்கணக்கில், சில பூக்களுக்கு வாரக்கணக்கில் ஆனது. 1842இல் ராயல் சொசைட்டிக்கு அவர் அளித்த கட்டுரையில் இந்தச் சோதனைகள் விரிவாக இருக்கின்றன. அந்தோடைப் என்று இந்த முறைக்குப் பெயர். இதில் ஹைப்போவுக்கு வேலையே இல்லை. கழுவி எடுக்க வெள்ளி கிடையாது, பூவின் சாயம்தான் படம். எந்த வெளிச்சம் படத்தை உண்டாக்கியதோ அதே வெளிச்சம், பார்க்கப் பார்க்க, மிச்சமிருக்கும் சாயத்தையும் தின்றுகொண்டே போகும்.

ஹெர்ஷல் சாவைப் பற்றி யோசித்து இதைச் செய்யவில்லை. நிறமாலையின் எந்தக் கதிர் எந்த நிறத்தை அழிக்கிறது என்பதே அவருடைய கேள்வி. ஒரு பூவின் நிறத்தை அழிப்பது பெரும்பாலும் அதற்கு எதிர்நிறமான ஒளி என்பதை இந்தத் தாள்களைக் கொண்டுதான் அவர் கண்டார். ரோமில் இருந்த மேரி சோமர்வில்லும் தாவரச் சாறுகளை வைத்து இதே வழியில் சோதித்து அவருக்கு எழுதினார். அறிவியல் நோக்கில் தொடங்கிய இந்தக் காரியம், பூவையும் சாவையும் பற்றிப் பின்னால் வந்த கலைஞர்கள் கேட்ட கேள்வியைத் தெரியாமலே தொட்டுவிட்டது.

வாடிய ரோஜாவைக் கறுப்புத் துணிக்கு முன்னால் வைத்துப் படமெடுத்தால் அது மரணத்தைப் பற்றிய படம் ஆகிவிடும் என்று நம்புகிறவர்கள் இன்றும் நிறையப் பேர். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வாடிய பூவை நொடியின் நூற்றில் ஒரு பங்கில் பிடித்தால், அதன் வாட்டத்தையும் சேர்த்து நிறுத்திவிட்டோம் என்றுதான் பொருள். பூ வாடுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் படமெடுக்கும் முறைக்குள் நுழைய வேண்டும். அப்படி நுழையவிட்டவர்களின் வேலைதான் வாழ்வையும் சாவையும் தொட்டிருக்கிறது என்பது என் முடிவு.

அந்தோடைப்பை யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம். நான் செம்பருத்தியில் செய்தேன். பச்சைக் காம்பையும் மகரந்தத் தண்டையும் கிள்ளிப் போட்டுவிட்டு, இதழை மட்டும் கல்வத்தில் இட்டு, கொஞ்சம் ஸ்பிரிட் விட்டு அரைக்க வேண்டும். மல் துணியில் பிழிந்தால் இறங்கும் சாறு கருஞ்சிவப்பாக இருக்கும். தாளில் தடவிக் காயும்போது அது ஊதாவுக்கு மாறுவது உண்டு, தாளில் இருக்கும் காரம் செய்கிற வேலை அது. கெட்டியான வாட்டர்கலர் தாளில் இரண்டு மூன்று தடவை பூசி, இருட்டில் காயவைத்து, மேலே ஒரு பூவை வைத்து, கண்ணாடியால் அழுத்திக் கிளிப் போட்டு மொட்டை மாடியில் வைத்துவிடலாம். மஞ்சளைக் கரைத்துப் பூசிய தாளுக்கு நம் கோடை வெயில் ஒரு பகல் போதும். செம்பருத்தி பல நாள் கேட்கும்.

அந்தப் பல நாள்தான் விஷயம். கண்ணாடிக்கு அடியில் பூ முதலில் வியர்க்கும், உள்பக்கம் ஆவி படியும். நீர் இறங்கிய இடத்தில் சாயம் கரைந்து கறை விழும். பிறகு இதழ் காயத் தொடங்கி ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்கும். நேற்றுவரை இதழ் மறைத்திருந்த விளிம்புக்கு இன்று வெயில் விழும், அதுவும் மெல்ல வெளுக்கும். கடைசியில் காய்ந்த பூவை எடுத்துவிட்டுப் பார்த்தால் உருவத்தைச் சுற்றி ஒரு மங்கிய வரம்பு நிற்கும், அழுத்தமான நடுவிலிருந்து வெளிறிய ஓரம்வரை படிப்படியாக. கவனக்குறைவால் ஆட்டம் கண்ட படம் என்று தோன்றும். உண்மையில் அந்த வரம்பு, பூ இறந்துகொண்டிருந்த நாள்களின் பதிவு. எந்தக் கேமராவிலும் இது ஒரே சொடுக்கில் கிடைக்காது.

ஹெர்ஷலின் அதே 1842 கட்டுரையில் இன்னொரு முறையும் இருந்தது. இரும்பு உப்புகளைப் பூசிய தாளை வெயிலில் வைத்து, வெறும் தண்ணீரில் அலசினால் ஆழ்ந்த நீலம் கிடைக்கும். இதுதான் சயனோடைப். கட்டட வரைபடங்களுக்குப் பின்னாளில் பயன்பட்ட புளூபிரிண்ட் இதிலிருந்து வந்தது. ஹெர்ஷலின் நண்பர் ஜான் ஜார்ஜ் சில்ட்ரனின் மகள் அன்னா அட்கின்ஸ் 1843 முதல் பத்து ஆண்டுகள் கடற்பாசிகளை ஒவ்வொன்றாக இந்தத் தாளில் கிடத்திப் படமாக்கினார். பிறந்த சிறிது காலத்தில் தாயை இழந்து தந்தையிடம் வளர்ந்தவர் அவர். தந்தை 1852இன் முதல் நாளில் காலமானார். சிறு வயதுத் தோழி ஆன் டிக்ஸன் வந்து உடன் தங்கினார். இருவரும் சேர்ந்து பெரணிகளையும் பூச்செடிகளையும் நீலத்தில் பதித்த ஆல்பங்கள் 1853, 1854ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் துக்கத்தைத் தேடிப் படிப்பது முறையல்ல, அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. செடி தாளைத் தொட்டுக் கிடந்த இடம் வெள்ளையாக, அதன் அசல் அளவிலேயே, நிற்கிறது. இல்லாத ஒன்று கிடந்துபோன தடம் அது. துக்கத்தில் இருந்த ஒருவருடைய கைகள் இந்த வேலையில் இருந்திருக்கின்றன என்பது மட்டுமே நமக்குத் தெரிவது. எனக்கு அது போதும்.

அசையும் படம் வந்ததும் காலத்தை நேராகவே காட்ட முடிந்தது. பெர்சி ஸ்மித் 1910இல் எடுத்த ‘தி பர்த் ஆஃப் எ ஃப்ளவர்’ படத்தில் மொட்டுகள் சில நொடிகளில் விரிவதைப் பார்த்து லண்டன்வாசிகள் பரவசப்பட்டார்கள். நாள்கணக்கில் விட்டுவிட்டு எடுத்த சட்டங்களைச் சேர்த்து ஓட்டும் டைம்லாப்ஸ் முறை அது. ஆனால், தலைப்பு சொல்வதுபோலவே அது பிறப்போடு நின்றுவிடுகிறது. விரிந்த பூ உதிர்வதற்கு அதில் இடமில்லை.

பூவின் வாட்டத்தை நாம் தோல்வி என்றே நினைத்துப் பழகிவிட்டோம். தாவரவியல் வேறு கதை சொல்கிறது. மகரந்தச் சேர்க்கை முடிந்ததும் இதழின் வேலை தீர்ந்தது. செடியே இதழைப் பிரித்து, அதிலுள்ள சத்தை உறிஞ்சி, கருவுற்ற சூலகத்துக்கு அனுப்புகிறது. சேர்க்கை நடக்காத ஆர்க்கிட் பூ வாரக்கணக்கில் அப்படியே நிற்கும், நடந்துவிட்டால் சீக்கிரமே துவளும். பல பூக்களில் இதற்கு உத்தரவு கொடுப்பது எத்திலீன் என்ற வாயு, பழத்தைப் பழுக்கவைப்பதும் அதுவே. வாடுவது, அடுத்த தலைமுறைக்காகச் செடி திட்டமிட்டுச் செய்யும் காரியம்.

இந்த எத்திலீனைத் தடுக்கப் பூ வியாபாரத்துக்கு ஒரு மருந்து கிடைத்தது. வெட்டிய கார்னேஷன் பூக்களின் காம்பைச் சில்வர் தயோசல்ஃபேட் கரைசலில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் பூ வழக்கத்தைவிட நெடுநாள் வாடாமல் நிற்கும். 1970களின் பிற்பகுதியில் பரவிய முறை இது. கரைசலிலுள்ள வெள்ளி, எத்திலீனின் உத்தரவைப் பூ கேட்காதபடி செய்துவிடுகிறது. வெள்ளியும் ஹைப்போவும் சேர்ந்த சேர்மம்தான் சில்வர் தயோசல்ஃபேட். இருட்டறைத் தொட்டியில் ஹைப்போ படத்திலிருந்து வெள்ளியைக் கரைத்தெடுக்கும்போது உண்டாவதும் அதேதான். படத்தை நிறுத்திவைக்கும் ஹைப்போவே பூவை நிறுத்திவைக்கும் ரசாயனத்திலும் இருப்பதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. இருபதாம் நூற்றாண்டுப் பூப்படங்களை நான் பார்க்கும் விதமே அதன் பிறகு மாறியது.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ராபர்ட் மேப்பிள்தோர்ப்பின் பூக்கள் அந்தக் கரைசலில் நின்ற பூக்கள்போலத்தான் எனக்குத் தெரிகின்றன. எய்ட்ஸ் இருப்பது 1986இல் தெரியவந்து, 1989 மார்ச்சில் 42 வயதில் அவர் இறந்தார். கால்லா லில்லியும் பாப்பியும் அவர் படங்களில் கண்ணாடிபோல் மழமழப்பாக, ஒரு புள்ளிகூட இல்லாமல், உச்சத்தில் நிற்கின்றன. அழகில் குறைவே இல்லை. ஆனால் அவற்றில் நாம் காணும் சாவு, அவருடைய வாழ்க்கைக் குறிப்பிலிருந்து நாம் எடுத்துவந்து வைப்பது. இதழ் அதைச் சொல்வதில்லை.

இர்விங் பென் வேறு பாதையில் போனார். ‘வோக்’ இதழின் கிறிஸ்துமஸ் மலருக்காக 1967 முதல் ஆண்டுக்கு ஒரு பூ என்று எடுத்தார், முதலில் டுலிப், அடுத்து பாப்பி. 1980இல் அவை நூலாக வந்தன. உச்சம் கடந்து, ஓரம் பழுப்பேறி, புள்ளி விழுந்த பூக்களையே தனக்குப் பிடிக்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார். வெள்ளைப் பின்னணியில் தனியாக நிற்கும் அவருடைய பாப்பியில் கசங்கிய பட்டுத்துணி போன்ற இதழும், உள்ளே திரண்டு வரும் விதைப்பையும் ஒருசேரத் தெரியும். ஒன்று தேய்வதும் மற்றது நிறைவதும் ஒரே உடலில். நான் மேலே சொன்ன தாவரவியலைப் பென் தன் கண்ணாலேயே கண்டிருக்கிறார்.

இருவரையும் தாண்டிப் போனவர் ஜப்பானியரான அராகி நொபுயோஷி. 1940இல் டோக்கியோவின் மினோவா பகுதியில் மரச்செருப்பு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டுக்கு அருகிலிருந்த ஜோகான்ஜி கோயில், யோஷிவாரா விலைமாதர் குடியிருப்பில் செத்துப்போன ஆதரவற்ற பெண்களைக் கொண்டுவந்து புதைத்த இடம். இருபத்தைந்தாயிரம் பேர்வரை அங்கே அடங்கியிருப்பதாகச் சொல்வார்கள். சிறுவன் அராகிக்கு விளையாட்டுத் திடல் அதுதான். 1973இல் அவர் அந்தக் கல்லறைகளுக்கே திரும்பிப் போய், அங்கே வாடிக்கிடந்த சிவப்பு ஹிகன்பானா பூக்களைப் படமெடுத்தார். இலையுதிர்கால நீத்தார் வழிபாட்டை ஒட்டிப் பூப்பது ஹிகன்பானா. அவருடைய பூப்படங்களின் தொடக்கமாக அதைச் சொல்கிறார்கள்.

1971இல் யோகோவை மணந்த அராகி, தேனிலவுப் பயணத்தைப் படமாக எடுத்து ‘சென்டிமென்டல் ஜர்னி’ என்று ஆயிரம் பிரதி தாமாகவே வெளியிட்டிருந்தார். 1990 ஜனவரியில் யோகோ புற்றுநோயால் இறந்தார். அந்த நாள்களின் படங்கள் மறு ஆண்டு ‘வின்டர் ஜர்னி’யாக வந்தன. பூங்கொத்தைத் தூக்கிக்கொண்டு படியேறும் அராகியின் நிழல், மருத்துவமனைக் கட்டிலில் யோகோவின் விரல்களைப் பற்றியிருக்கும் அவர் கை, மலர்ந்துவிட்ட கோபுஷிக் கிளை. கோபுஷி என்பது குளிர் முடியும் தறுவாயில் பூக்கும் வெள்ளை மக்னோலியா. பக்கங்களைப் புரட்டும்போது ஒரு பக்கம் உயிர் ஒடுங்குகிறது, இன்னொரு பக்கம் பூ விரிகிறது. இரண்டுக்கும் நடுவில் எந்த விளக்கமும் அவர் தருவதில்லை.

அதே நூலில் சவப்பெட்டிக்குள் பூக்கள் சூழ்ந்த யோகோவின் முகமும் இருக்கிறது. அதை வெளியிட்டிருக்கக் கூடாது என்று சக புகைப்படக் கலைஞர் ஷினோயாமா கிஷின் கடுமையாகச் சொல்ல, இருவருக்கும் நட்பே முறிந்தது. தமிழ் வாசகருக்கு இந்தச் சண்டை விநோதமாகப் படலாம். இறந்தவரை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, மாலை போட்டு, குடும்பத்தோடு படமெடுக்க ஸ்டூடியோக்காரரை வீட்டுக்கு அழைப்பது நம்மிடம் சாதாரணமாக இருந்தது. உயிரோடிருந்தபோது ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாத பாட்டிகளின் ஒரே படம் அதுவாக இருக்கும். பிறகு அந்தப் படத்துக்குப் பூச்சரம் சாத்துவோம். உள்ளே முகம் மாறுவதில்லை, வெளியே சரம் தினமும் வாடும், தினமும் மாற்றுவோம். நிற்கும் படத்தையும் வாடும் பூவையும் ஒன்றாக வைக்கும் இந்தப் பழக்கத்தை யாரும் கலை என்று சொல்லிச் செய்யவில்லை.

யோகோ போன பிறகு அராகி பூவை விடவில்லை. வீட்டுப் பால்கனியிலும் மேசையிலும் பூக்களை வைத்து, அவை அழுகும்வரை எடுத்தார். இதழ் கறுத்து, மகரந்தம் கொட்டி, சாறு கசியும் கட்டத்திலும் நிறம் அடர்ந்து எரிகிறது. காமமும் அழுகலும் பிரிக்க முடியாமல் பின்னிக்கிடக்கின்றன. அவருடைய பெண் படங்கள் வேறு விஷயம். பல ஆண்டுகள் அவரிடம் மாடலாக இருந்த ஒரு பெண் தான் சுரண்டப்பட்டதாக 2018இல் வெளிப்படையாக எழுதினார், அந்தப் படங்களைப் பார்க்கும்போது அதை ஒதுக்கிவைக்க முடியாது. பூப்படங்களைப் பற்றி மட்டும் சொல்வதானால், ஒரே மனிதர் ஐம்பது ஆண்டுகள் தன் சாவுகளோடு பூவைத் தூக்கிக்கொண்டு நடந்ததற்கு ஈடான முயற்சி எனக்குத் தெரிந்து வேறில்லை. ஒரு தனிப் படத்தில் இல்லாத காலம், படங்களின் வரிசையில் வந்துவிடுகிறது.

காலத்தையே பிடுங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓரி கெர்ஷ்ட் இருக்கிறார். டெல் அவீவில் 1967இல் பிறந்து லண்டனில் வாழும் கலைஞர். ‘ப்ளோ அப்’ (2007) வரிசையில் பிரெஞ்சு ஓவியர் ஃபான்டான்-லாத்தூரின் பூச்சாடி ஓவியங்களைப்போலப் பூக்களை அடுக்கி, திரவ நைட்ரஜனால் உறையவைத்து, உள்ளிருந்து வெடிக்கச் செய்தார். பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில் இதழ் கண்ணாடித் துண்டுகளாகச் சிதறுகிறது. சிதறும் கணத்தைக் கேமரா பிடிக்கிறது. முதலில் இதை வெறும் வித்தை என்றே நினைத்தேன். ஆனால் வாட நேரமே கிடைக்காத சாவு என்று ஒன்று இருக்கிறது. குண்டு விழுந்த இடத்தில் யாருக்கும் முதுமை வருவதில்லை, விதைப்பை திரள்வதில்லை. கெர்ஷ்ட் காட்டுவது அந்தச் சாவை. அவரிடம் காலம் இல்லாததே காலத்தைப் பற்றிய பேச்சு.

போரின் சாவை எதிர்த்திசையிலிருந்து, மிக மெதுவாக, அணுகியவர் பின் டான். 1977இல் வியட்நாமில் பிறந்து, குழந்தையாக அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டவர். புல்தரையில் கிடந்த தண்ணீர்க் குழாய்க்கு அடியில் புல் நிறம் மாறிக் கோடாகத் தெரிவதைக் கண்டதிலிருந்து அவருக்கு யோசனை பிறந்தது. பச்சை இலைமேல் படம் அச்சிட்ட ஒளிபுகும் தாளை வைத்து, கண்ணாடிகளுக்கு நடுவே அழுத்தி, வெயிலில் நாள்கணக்கில் விட்டார். ஒளி பட்ட இடத்தில் பச்சையம் வெளுக்க, இலையிலேயே முகம் வந்தது. ஹெர்ஷலின் சாறு இங்கே தாளுக்குப் போகாமல் செல்லுக்குள்ளேயே நிற்கிறது. ‘லைஃப்’ பத்திரிகை 1969 ஜூன் 27 இதழில், வியட்நாமில் ஒரே வாரத்தில் இறந்த 242 அமெரிக்கப் படைவீரர்களைப் பற்றி வெளியிட்டது, பெரும்பாலோரின் முகங்களோடு. பள்ளிப் படங்களிலும் ராணுவத் தொப்பியோடும் இருந்த அந்த இளைஞர்களைப் பின் டான் இலைகளில் எழுப்பினார். இலை பொடிந்துவிடாமல் இருக்க ரெசினில் பதித்துவைக்கிறார். அப்படியானால் இதுவும் நிறுத்திவைக்கும் முயற்சிதானே என்று கேட்கலாம். ஆம், கொஞ்சம் அப்படித்தான். துக்கப்படுகிறவர் எல்லாவற்றையும் போகவிடுவார் என்று யார் எதிர்பார்க்க முடியும்?

கம்போடியாவில் டூல் ஸ்லெங் சிறையின் படங்களையும் அவர் இலைகளில் அச்சிட்டிருக்கிறார். 1975க்கும் 1979க்கும் இடையில் கெமர் ரூஜ் ஆட்சி அங்கே பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அடைத்துவைத்துக் கொன்றது. உள்ளே வந்தவர்களைச் சிறைக்காரர்களே படமெடுத்து, கழுவி, கோப்பில் சேர்த்தார்கள். கொல்லப்படப்போகிறவர்களின் முகத்தை நிலைக்கவைத்த வெள்ளி நெகட்டிவ்கள் அவை. ஆயிரக்கணக்கான நெகட்டிவ்கள் 1990களில் சுத்தம் செய்யப்பட்டு மறுபடி அச்சிடப்பட்டன. இறந்தவர்களை உறவினர்கள் அடையாளம் காணவும், நடந்த கொலைகளுக்கு ஆதாரம் காட்டவும் அவையே உதவின. அந்தப் படங்கள் அழியக் கூடாது, ஹைப்போ கழுவிய படம்தான் அந்த வேலைக்கு வேண்டும். பின் டான் நெகட்டிவைத் தொடாமல் அதன் நகலை மட்டும் எடுத்து இலைக்குக் கொண்டுபோனார். சிறைக்காரர் கேமராவுக்கு முன் அரை நொடி நிறுத்தப்பட்ட அந்த முகங்கள், இங்கே பல நாள் வெயிலில் நிதானமாக உருவாகி வந்தன.